பாதியிலேயே நிறுத்தப்பட்ட நினைவு

ஒரு தலைக்குள் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. தலை முப்பிடாதி என்பவளுடையது. பஞ்சாயத்துத் தலைவர் கௌரவம். பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டது புத்தி. எந்தப் பஞ்சாயத்திலும் இப்படி இரண்டு பேர் இருந்தால் போதும், ஒரு வழக்கும் தீராது.

வழக்கு இதுதான். போன ஆடியில் முப்பிடாதியின் ஆறு வயது மகள் அனுசியா வாய்க்காலில் விழுந்துவிட்டாள். முப்பிடாதி குதித்து, தண்ணீரில் விரிந்து மிதந்த தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து மகளின் ஈரத்தலையைக் கண்டாலே தாய்க்கு உடம்பு உதறும். கத்திக்கொண்டு பிள்ளையைத் தள்ளிவிடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளிக்க அனுசியா பக்கத்து வீட்டுக்குப் போனாள். "எங்க அம்மைக்கு என்னயப் பிடிக்கல" என்று அங்கே சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள்.

குற்றவாளியாக நிறுத்தப்பட்டது அந்த வாய்க்கால் நினைவு. சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.

"கூப்பிடாமலே ஏன் வருகிறாய்?" என்று அதட்டியது கௌரவம்.

"நடந்ததைச் சொல்ல வருகிறேன். தண்ணீரில் முடி மிதந்தது என்று சொல்வதற்குள் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது."

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் மறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

"மறப்பதுதான் சரி" என்றது புத்தி. அது யோசித்து ஒரு வார்த்தை சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

தலைக்கு வெளியே இருந்தவர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. "ஏட்டி, பிள்ளதான் பொழச்சிட்டாள்லா, இன்னும் என்ன ஒப்பாரி?" என்றாள் மதினி. பயந்த கோளாறு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். தண்ணீரில் பயந்தவளின் முகத்தில் அந்த மந்திரவாதி மகான் ஒரு செம்புத் தண்ணீரை ஓங்கி அடித்தார். அவள் மயங்கி விழுந்தாள். "பாத்தீயளா, பயம் எறங்கிட்டு!" என்றார் மகான். கூட்டம் கும்பிட்டது. இந்த அறிவை எங்கே கொண்டுபோய் வைப்பது!

ஒரு மழை நாளில் அனுசியா நனைந்தபடி ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். முப்பிடாதி தள்ளிய தள்ளில் பிள்ளையின் நெற்றி வாசல் நிலையில் மோதிப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ், விவரம் கேட்டுவிட்டு, தாயை மனநல டாக்டர் நூர்ஜகானிடம் அனுப்பினாள்.

சில நாள் பேசிப் பழகியபின் டாக்டர் இரண்டு விரல்களை நீட்டினார். "அந்த வாய்க்கால நெனச்சுக்கிட்டே என் விரலப் பாருங்கம்மா. தல அசைய வேண்டாம், கண்ணு மட்டும் கூடவே போகட்டும்." விரல்கள் இடமும் வலமும் போய்வந்தன. கண்களும் போய்வந்தன.

கௌரவம் விழுந்து விழுந்து சிரித்தது. "தொட்டில் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறாளா? ஏ கண்களே, இந்த வயதில் உங்களுக்கு ஊஞ்சலா? இதற்கா ஒரு டாக்டர் படிப்பு?"

"படிப்பா?" என்றது புத்தி.

"நாங்கள் வைத்தியம் ஒன்றும் செய்யவில்லை, போய்வருகிறோம், அவ்வளவுதான்" என்றன கண்கள். "நீங்கள் எங்களைத் திட்டுவதில் மும்முரமாக இருக்கிறீர்கள். அங்கே கதவு திறந்து கிடக்கிறது."

நினைவு உள்ளே வந்துவிட்டிருந்தது. முடி மிதந்ததைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் கதவு அறைந்து சாத்தப்படும் என்று ஒடுங்கி நின்றது. யாரும் சாத்தவில்லை. அடுத்ததைச் சொன்னது. முப்பிடாதி நடுங்கினாள், அழுதாள், அடுத்த வாரமும் வந்தாள். இப்படிப் பல வாரம் போனது.

"இப்ப என்ன வருது?" என்று ஒருநாள் கேட்டார் டாக்டர்.

"கரையில போட்டு முதுகுல தட்டுதேன். பிள்ள இருமுதா. தண்ணியக் கக்குதா." முப்பிடாதி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "'எம்மா, என் கைவளவி தண்ணியோட போயிட்டு'ன்னு ஏங்குதா டாக்டரம்மா! இத நான் மறந்தே போயிட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை முப்பிடாதியே மகளுக்கு எண்ணெய் தேய்த்தாள். முதல் செம்பு ஊற்றும்போது நினைவு வந்தது, கடைசிவரை சொன்னது, மற்ற நினைவுகளோடு போய் உட்கார்ந்துகொண்டது.

"எம்மா, சீயக்கா கண்ணுக்குள்ள போயிட்டு."

"மூடிக்கோன்னு அப்பமே சொன்னேன்லா" என்று முந்தானையால் துடைத்தாள் முப்பிடாதி.

கௌரவம் மீசையை முறுக்கியது. "பார்த்தீர்களா? கடைசியில் மறந்துவிட்டாள். நான் சொன்னதுதான் நடந்தது."

"நீங்கள் சொன்னதுதான்" என்றது புத்தி.

நினைவு இருந்த இடத்திலிருந்தே சொன்னது: "அவள் ஒன்றையும் மறக்கவில்லை. பிள்ளை பிழைத்ததை நான் சொல்லி முடிக்கவிடாமல் இத்தனை நாள் கதவைச் சாத்தியவர் யார் என்பதையும் மறக்கவில்லை."