நாற்பத்தேழாம் கதவு

"டீச்சர், அந்தப் பக்கத்துக்கு ஒண்ணுமே போக மாட்டீங்குதுங்க."

சௌந்தர்யா தின்றுகொண்டிருந்த இட்லிப் பொட்டலத்தை மூடி வைத்தாள்.

"எந்தப் பக்கம்ண்ணா?"

"புதுக் கட்டடத்துக்குங்க."

சொன்னவர் நாச்சிமுத்து. ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். காங்கேயம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலையை இப்போது கற்றுக்கொள்கிறார். டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. அவருடைய சர்வீஸும் அவளுடைய வயசும் ஒன்று. ஆனாலும் தினமும் காலையில் அவளைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்றைக்குச் சல்யூட் இல்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒயர் வேலை செய்யலீங்கறதுக்கா இவ்வளவு கவலை?"

"அது இல்லீங்க டீச்சர்." கொஞ்சம் இழுத்தார். "எங்கூட்டுக்காரி மயிலாத்தா பை கட்டீட்டா. நாளைக்கு வெள்ளன மொத பஸ்சுல ஓசூருக்கு, மக ஊட்டுக்குப் போறாளாமா. போனா திரும்பி வரமாட்டாளாட்ட இருக்குது."

"சண்டைங்களா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே. பேச்சே இல்லீங்க. பட்டாளத்துல இருக்கறப்ப ஞாயித்துக்கிழமையானா போன்ல ஒரு மணி நேரம் பேசுவோம். இப்ப நாலு வருஷமா ஒரே ஊட்டுல இருக்கறோம். இனி என்னத்தைங்க பேசறது? எல்லாந்தான் அவளுக்குத் தெரியுமே."

டீச்சர் எழுந்தாள்.

"வாங்கண்ணா. பெட்டியைப் பாப்போம்."

ஒரே கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள சுவிட்ச் என்று ஒரு பெட்டி போதும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ரவுட்டர் வேண்டும். அந்த ரவுட்டர், பழைய கட்டடத்தையும் புதுக் கட்டடத்தையும் சேர்க்கும் நடையின் சுவரில், ஒரு ஒயரை இந்தப் பக்கமும் ஒரு ஒயரை அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்குகள் சரியாகத்தான் மின்னின. ஒயர்களை நாச்சிமுத்துவே இடுக்கியால் நெரித்துப் பொருத்தியிருந்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

"புதுக் கட்டடத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் என்ன நம்பர் போட்டீங்க?"

கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் தெரு நம்பர் ஒன்று, கதவு நம்பர் ஒன்று என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இந்தப் பக்கம் ஒன்றாம் தெரு, அந்தப் பக்கம் இரண்டாம் தெரு என்று ரவுட்டரிலும் எழுதி வைத்திருந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒண்ணாந் தெருவேதானுங்க. இங்க நாப்பது கதவு. அங்க நாப்பத்தொண்ணுல இருந்து ஆரம்பிச்சுட்டேன்."

"ஏண்ணா?"

"அங்கத்த நர்சம்மாவெல்லாம், எங்களை ஒதுக்கி வெச்சுட்டீங்கன்னு சடைச்சுக்கிட்டாங்க. வேற தெருன்னு போட்டா இன்னும் சங்கடப்படுவாங்களேன்னுதான். எல்லாம் ஒரே குடும்பந்தானுங்களே."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு சீட்டைக் கிழித்து எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

ஒன்றாம் தெரு, நாற்பத்தேழாம் கதவு.

"எக்ஸ்ரே ரூம் கம்ப்யூட்டர்ங்க இது," என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க பழைய கட்டடத்துக் கம்ப்யூட்டர். நம்பர் மட்டும்தான் படிக்கத் தெரியும். நான் ரவுட்டர். இதைக் கொண்டு சேருங்க, பாக்கலாம்."

சொல்லிவிட்டு நடையின் வாசலில் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து சீட்டைப் படித்தார்.

"நான் எந்தத் தெருங்க?"

"ஒண்ணு."

"இதுவும் ஒண்ணு. அப்ப இங்கயேதான் இருக்கோணும்."

பழைய கட்டடத்தின் வராந்தாவுக்குள் போனார்.

"நாப்பத்தேழு ஆருங்க?"

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

"நாப்பத்தேழு!"

டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "உங்களை இல்லீங்கம்மா, உக்காருங்க," என்று கும்பிட்டுவிட்டு நாச்சிமுத்து இன்னொரு தடவை கத்தினார். பரேடு மைதானத்துக் குரல். மருந்து வாங்க வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்ததே தவிர, பதில் வரவில்லை.

தொண்டை கட்டித் திரும்பி வந்தார். டீச்சர் அதே வாசலில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய கை காலியாக இருந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க இங்கயேதான நிக்கறீங்க? வாங்கிட்டுப் போய்க் குடுத்தா என்னங்க?"

"நீங்க எங்கிட்டக் குடுக்கலீங்களேண்ணா."

"எனக்குத் தோணலீங்க. ஒரே தெருன்னு இருந்துதா…"

"ம்."

"வெளிய இருக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்களே வாசலுக்கு வருவேன்? உள்ளதான இருக்கறாங்கன்னு நெனச்சுட்டா…"

சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் கையை இறக்கிக்கொண்டாள்.

புதுக் கட்டடத்தில் ஏழு கம்ப்யூட்டர்கள். ஏழுக்கும் இரண்டாம் தெரு என்று மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி நம்பரை மாற்றிவிட்டு அவர் பழைய கட்டடத்துக்கு ஓடி வந்தபோது, டாக்டருடைய திரையில் யாரோ ஒருவருடைய உடைந்த மணிக்கட்டு தெளிவாக வந்து நின்றது.

"வந்துருச்சுங்க," என்றார், மெதுவாக.

பிறகு, "டீச்சர், இன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னால கெளம்பிக்கட்டுங்களா?" என்றார்.

"போயிட்டு வாங்கண்ணா." அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். கட்டிய பை நிலைப்படி ஓரத்திலேயே இருந்தது. மயிலாத்தாள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவர் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

செருப்பைக் கழற்றப் போனவர் கழற்றவில்லை. முருங்கை மரத்தடி வரைக்கும் திரும்பி நடந்தார். போனை எடுத்தார்.

உள்ளே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. பனிமலைப் பாதையில் லாரி ஓட்டியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"ஹலோ."

"நாந்தான்."

அந்த இருபத்தெட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"நல்லா இருக்கறயா?"

குக்கர் விசில் அடித்தது. போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. அடுப்பு அணைந்தது. முக்காலியைத் தரையில் இழுத்துப் போடுகிற சத்தம். உட்காருகிற சத்தம்.

"ஏனுங்," என்றாள் மயிலாத்தாள், "இப்ப எந்த ஊர்ல இருக்கறீங்க?"