குணசீலனின் சான்றிதழ்

முதலில், தவமணி எழுதிய மென்பொருளுக்கு மேலாளர் குணசீலன் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அடுத்து, அவளுக்கு வரவேண்டிய பதவியைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். மூன்றாவதாக, நியாயம் கேட்டவளை நன்றி கெட்டவள் என்றார். நான்காவதுதான் அக்கிரமத்தின் உச்சம்.

மென்பொருள் குழுக்களை வழிநடத்துவதற்கான 'ஸ்க்ரம் மாஸ்டர்' சான்றிதழ் பெற்றவரே இனிக் குழுவை நடத்த வேண்டும் என்று வாடிக்கையாளர் நிறுவனம் சொல்லிவிட்டது.

"ஆன்லைன் பரீட்சையை எனக்குப் பதிலா நீ எழுது. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது," என்றார் குணசீலன்.

"கேமராவுல முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டணுமே சார்?"

"அதையும் நானா சொல்லித்தரணும்? நீயே பார்த்துக்க தாயே!"

"சரி சார், நானே பார்த்துக்கறேன்."

தன் முகத்தையும் தன் அட்டையையும் காட்டி எழுதினாள், தேறினாள்.

தினமும் காலையில் குழுவினர் நின்றபடியே முந்தின நாள் வேலையை ஒப்பிக்க வேண்டும். குணசீலன் மட்டும் நாற்காலியில் சாய்ந்திருப்பார். மறுநாள் கூட்டத்தில் வாடிக்கையாளர் நிறுவனத்து அம்மையாரும் திரையில் இருந்தார்.

"தவமணி, நேத்து வந்த சான்றிதழை எல்லாருக்கும் காட்டு!" என்றார் குணசீலன், மீசையைத் தடவியபடி.

திரையில் சான்றிதழ் விரிந்தது.

"எழுத்து பொடியா தெரியுது. யார் பெயர், கொஞ்சம் படிங்க," என்றார் அம்மையார்.

குணசீலன் முனகினார்.

"கேட்கலை சார். எழுந்து நின்னு சத்தமாப் படிங்க," என்றாள் தவமணி.

எழுந்து நின்று படித்தார்: "தவமணி செல்லையா."