செவலையின் விரிசல் மணி

எள் விளையும் காடு ஒன்றில், குழந்தைகளே, ஒரு நரி மூன்று செக்குகள் போட்டு எண்ணெய் ஆட்டி விற்றுவந்தது. நரிக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்காதீர்கள். அதற்கு வேண்டியது எண்ணெய் அல்ல, வியாபாரம்.

மயிலை, செவலை, காரி என்ற மூன்று காளைகள் சுவர் தடுத்த கொட்டில்களில் ஆளுக்கொரு செக்கு இழுத்தன. தலை சுற்றாமலிருக்க நரி அவற்றின் கண்களைக் கட்டிவிடும். நடக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளக் கழுத்தில் மணி கட்டியிருந்தது. செவலையின் மணியில் விரிசல் இருந்ததால், அதன் ஓசை மட்டும் கரகரவென்று தனியாகக் கேட்கும்.

கால் ஓய்ந்த மாட்டை நரி புலிக்கு விற்றுவிடும். அந்த வருடம் செவலையின் முழங்கால் வீங்கிவிட்டது. மயிலைக்குத் தீனி இறங்கவில்லை. இரண்டும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து வளர்ந்தவை.

மூன்று காளைகளும் நரியிடம் போய் நின்றன.

"கால் ஓய்ந்தாலும் எங்களை இங்கேயே வைத்துத் தீனி போட வேண்டும், முதலாளி. அப்படி ஒப்பந்தம் செய்து தரும்வரை ஓர் அடி நடக்க மாட்டோம்" என்றது மயிலை.

நரி கோபப்படவில்லை. "தாராளமாக நில்லுங்கள். ஆனால் செக்கடியில் கண்கட்டோடு நிற்பதுதானே வழக்கம்? மணியை மட்டும் கழற்றிவிடுகிறேன். நடக்காத மாட்டுக்கு அது வீண் பாரம்" என்றது.

முதலாளி இவ்வளவு நல்லவரா என்று மூன்றும் கழுத்தை நீட்டின.

காலையிலிருந்து தீனி இல்லாததால், உச்சிவெயிலில் மயிலையின் வயிறு காந்தியது. அப்போது சுவருக்கு அப்பாலிருந்து அந்த விரிசல் மணி கேட்டது. செக்கைச் சுற்றி நிதானமாக நடக்கிற மாட்டின் மணி.

மயிலை காதைத் தீட்டிக்கொண்டது. 'மணியைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டானா? இவன் காலுக்காகத்தானே நான் பட்டினி கிடக்கிறேன்!'

கூப்பிட்டுக் கேட்கலாமா என்று நினைத்தது. ரோஷம் விடவில்லை. காலை எடுத்து வைத்தது. அதன் செக்கு முனகுவதைக் கேட்டுக் காரியும் நடக்கத் தொடங்கியது.

பொழுது சாய்ந்ததும் நரி வந்து மயிலையின் கண்கட்டை அவிழ்த்தது. நரியின் கழுத்தில் செவலையின் மணி தொங்கியது.

மயிலை சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தது. வீங்கிய காலைத் தூக்கியபடி, செவலை காலையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"இரண்டு செக்கு ஓடிவிட்டது. இனி யாருக்கு ஒப்பந்தம்?" என்றது நரி. புலி அனுப்பிய ஓநாய்கள் வாசலில் காத்திருந்தன.

போகும்போது செவலை மயிலையின் அருகே நின்றது. திட்டவில்லை.

"என் மணியைக் கேட்டாய், தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சுவருக்கு அந்தப் பக்கம்தானே நின்றேன்" என்றது.

மறுநாள் புதுக் காளை ஒன்று வந்தது. நரி அந்த மணியை அதற்குக் கட்டிவிட்டது. மணி ஒலிக்கும்போதெல்லாம், கண்கட்டோடு நடக்கும் மயிலை, "அண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறது.

நீதி: உடன் நிற்பவர்மேல் சந்தேகம் வந்தால், முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.