பேச்சு இனாமாக வந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் ஊர்வனவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், வற்றிப்போன ஒரு கண்மாயின் கரையில் செல்போன் டவர் ஒன்று முளைத்தது. யார் நட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. அடுத்த வாரமே கருவேல மரப் பொந்தில் பச்சோந்தி ரீசார்ஜ் கடை போட்டுவிட்டது.

அந்தக் கண்மாய்க்குள், சரளைக் கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவித் தம்பதி குடியிருந்தது. மனைவி மஞ்சக்காலி, கணவன் செம்மூக்கன். அந்த வருஷம் நான்கு முட்டை. கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கல்லோடு கல்லாகத்தான் முட்டை கிடக்கும். வெயில் ஏறினால் வெந்துவிடும். அதனால் ஒருவர் முட்டைமேல் நிழலாக நிற்க, மற்றவர் மடைப் பள்ளத்தில் மிஞ்சிக் கிடந்த தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்க வேண்டும்.

மஞ்சக்காலி, யாராவது பாலைக் கொடுத்தாலும், இது ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கிறவள். செம்மூக்கனோ மடைக்குப் போனால் தண்ணீரில் ஒரு காலும் போனில் ஒரு காதுமாக நிற்கிறவன்.

"யாருங்க அது, இம்புட்டு நேரமா?"

"கொக்குதான். மீன் எங்க கிடக்குன்னு கேட்டான்."

"கொக்குக்கு மீன் இருக்கிற இடம் தெரியாம உங்ககிட்ட கேட்டானாக்கும்!"

செம்மூக்கன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. பேசியது காற்றோடு போய்விடுகிறது, கிண்டிப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் முட்டையைக் கணவனிடம் விட்டுவிட்டுப் பச்சோந்தி கடைக்கு நடந்தாள்.

"வா தாயி, என்ன பிளான் போடணும்?" என்றது பச்சோந்தி. "புதுசா ஒண்ணு வந்திருக்கு. பேச்சே கிடையாது, மெசேஜ் மட்டும். பாதி விலை. மாசம் ஆறு வெட்டுக்கிளி கொடு, போதும். இப்பல்லாம் யாரு பேசுறா? மயில்கூட அகவுறதை விட்டுட்டு மெசேஜ்தான் போடுது."

"நான் அனுப்புனதை அவரு பார்த்தாரா இல்லையான்னு தெரியுமா?"

"பார்த்துட்டா ரெண்டு டிக்கும் நீலமாயிரும். கடைசியா எத்தனை மணிக்குப் போனைத் தொட்டாருன்னுகூடக் காட்டும்."

சொல்லச் சொல்லப் பச்சோந்தியே நீலமாகிக்கொண்டு வந்தது. ஊரையே சந்தேகப்படுகிறவள் அந்த நீலத்தைச் சந்தேகப்படவில்லை.

"எனக்கும் அவருக்கும் அதையே போட்டுவிடு. பேச்சை எடுத்துரு" என்றாள்.

அன்றிலிருந்து போனில் பேச்சு நின்றது, வீட்டில் விசாரணை தொடங்கியது.

"நீலமாகி அரை மணி ஆச்சு. பதில் ஏன் வரலை?"

"வயித்தை நனைச்சிக்கிட்டு நின்னேன்டி. எந்தக் காலால எழுதுறது?"

கண்மாயில் எல்லாரும் சேர்ந்து 'கண்மாய்ச் சொந்தங்கள்' என்று ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் ரோஜாப்பூப் படம் போட்ட ஒருவர் தினமும் விடிந்ததும் 'காலை வணக்கம்' அனுப்புவார். பெயரும் இல்லை, முகமும் இல்லை.

"யாருங்க இந்த ரோஜாப்பூ?"

"யாரோ நல்லவரு போல. ஒரு நாள் தவறாம வணக்கம் சொல்றாரே."

"நல்லவருன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவள் சந்தேகம் ரோஜாவைத் தாண்டிப் புருஷன்மேல் போய் விழுந்தது.

ஒரு நாள் ரோஜாப்பூ எழுதியது: 'அவசரம்! மேற்குக் கரையில் கீரி. பத்துப் பேருக்கு அனுப்பவும்.' கண்மாயே அலறிக்கொண்டு ஓடியது. கீரியும் இல்லை, ஒன்றுமில்லை. மறுநாளும் அதே செய்தி, அதற்கு மறுநாளும் அதே. ஓடிக் களைத்த மஞ்சக்காலி, கீரி என்று எழுதி வந்தால் பொய் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

நான்காம் நாள் உச்சி வெயில். அவள் முட்டைமேல் நின்றிருந்தாள். செம்மூக்கனிடமிருந்து மெசேஜ்: 'கீரி வருது. எந்திரிச்சு தள்ளிப் போ.'

ஆள்காட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கீரியின் கண்ணில் படும் முன்பே சத்தமில்லாமல் முட்டையை விட்டு நடந்து, வெகுதூரம் போய்த்தான் எழும்ப வேண்டும். அவள் எழும்புகிற இடத்தைக் கீரி பார்த்துவிட்டால் முட்டை இருக்கிற இடமும் தெரிந்துவிடும்.

மஞ்சக்காலி நகரவில்லை. 'இவரு இப்படி மொட்டையா எழுத மாட்டாரே. இவரு போன் யார் கையில இருக்கு? என்னை எதுக்கு இங்கிருந்து கிளப்பப் பார்க்குறாங்க?' போனை எடுத்து, 'இது நீங்கதானா?' என்று எழுதினாள்.

ஒரு டிக் வந்தது. இரண்டாவதும் வந்தது. நீலமாகவில்லை. நீலமாகட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடையில் நின்ற செம்மூக்கன் கூப்பிட்டுப் பார்த்தான். 'இந்த பிளானில் பேசும் வசதி இல்லை' என்றது போன். அதைத் தண்ணீரில் வீசிவிட்டுப் பறந்தான்.

"மஞ்சா! ஏய் மஞ்சா! எந்திரிடி!"

கண்மாய் முழுக்கக் கேட்டது. குரலில் மூச்சு இரைத்தது, தொண்டை கிழிந்தது. அது அவன்தான் என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தாள். கீரி பத்தடியில் நின்றது. அவள் பதறி எழும்ப, அந்த இடத்தை அது பார்த்துவிட்டது. ஒரே பாய்ச்சலில் ஒரு முட்டையைக் கவ்விக் கடித்தது. மஞ்சக்காலி இறக்கை ஒடிந்தவள்போலச் சரளையில் புரண்டு, கத்திக்கொண்டே தள்ளித் தள்ளிப் போனாள். முட்டையைவிடப் பெரிய இரை என்று கீரி அவள் பின்னால் ஓடியது. மேலிருந்து செம்மூக்கன் அதன் மண்டையில் கொத்து கொத்தென்று கொத்தினான். கீரி தப்பித்தால் போதும் என்று புதருக்குள் மறைந்தது.

அது விழுந்தடித்து ஓடிய வழியில் அது தவறவிட்ட போன் கிடந்தது. திரையில் ரோஜாப்பூ.

மூன்று முட்டை மிஞ்சியது. உடைந்த ஓட்டின் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"உங்க வாயை அடைச்சது நான்தான்" என்றாள் அவள்.

சாயங்காலம் அந்த ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு பச்சோந்தி கடைக்குப் போனாள். கொக்கும் மயிலும் முயலும் பின்னாலேயே போயின. ஓட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "பேச்சை எடுத்தா பாதி விலைன்னியே. இதுதான் மீதிப் பாதியா?"

பச்சோந்தி சாம்பலாகிப்போனது. "தாயி, பேச்சில்லாத பிளானை இனிமே விக்க மாட்டேன். யாரு எதைப் போட்டாலும் பேச்சு கூடவே வரும். அதுக்குத் தனியா ஒரு வெட்டுக்கிளிகூட வேண்டாம். இனாம்."

மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். மஞ்சக்காலி மட்டும் பச்சோந்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விலைக்கு வித்ததை இப்ப எதுக்கு இனாமாத் தர்றே?"

பச்சோந்தி மறுபடியும் நீலமாகத் தொடங்கியது. அவள் தன் போனை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள்.

அன்று முதல்தான் எந்த பிளான் போட்டாலும் பேச்சு கூடவே இனாமாக வருகிறது, மெசேஜ் அனுப்பியவர்களும் மனசு கேட்காமல் உடனே போன் போட்டு, "மெசேஜ் பார்த்தியா?" என்று கேட்கிறார்கள், ஆள்காட்டி மட்டும், கரையில் ஓர் அந்நிய நிழல் அசைந்தாலே போதும், துணையின் குரல் திரும்பி வரும்வரை தன் சொந்தத் தொண்டையாலேயே கத்திக்கொண்டிருக்கிறது.