பூசணித் தோல் இறுகிய கதை

அந்தக் காலத்தில், மனிதர் பேசினால் செடி பதில் சொல்லும், செடி அழுதால் மனிதருக்குக் கேட்கும் என்றிருந்த நாளில், பூசணிக்கொடிக்குச் சாவே கிடையாது. பனிக்காலத்தில் இலை கருகும். உயிர் மட்டும் வேருக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். வெயில் திரும்பியதும் பழைய வேரே மறுபடி தளிர்க்கும். ஆனால் அதன் காய்க்கு வெள்ளரிப் பிஞ்சின் தோல்தான். பறித்த மூன்றாம் நாள் அழுகிவிடும்.

மேகம் தங்கும் உயரத்தில் வெண்முடி என்று ஓர் ஊர். பதினோரு வீடுகள். மார்கழியில் அங்கே உறைபனி இறங்கினால் தை கடைசிவரை ஒரு பச்சையும் தலைதூக்காது. அதனால் கார்த்திகை பாதியானதுமே ஊரார் மூட்டை கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். பனியில் தங்கிப் பிழைத்தவர் என்று அந்த ஊரில் ஒருவர் பெயரும் இல்லை.

அந்த வருஷம் மாதி என்பவளால் இறங்க முடியவில்லை. நிறைமாதம் நெருங்கியிருந்தது. செங்குத்துப் பாதையில் கால்வாசி தூரம் போவதற்குள் இடுப்பில் வலி பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் நஞ்சன் அவளைச் சுமந்துகொண்டு வீட்டுக்கே திரும்பினான். ஊர்த்தலைவர் ஒரு கூடை சாமையை அவர்கள் வாசலில் வைத்தார். "இதுக்கு மேல எங்ககிட்டயும் இல்ல மாதி" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்.

வீட்டை ஒட்டிய கொல்லையில், எருக்குழி மேட்டில், ஒரு பழைய பூசணிக்கொடி பாதி நிலத்தை மூடிக் கிடந்தது. ஏழு காய்கள். மாதி அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காயைத் தடவினாள்.

"நீங்கள்லாம் கெடாம இருந்தா நாங்க பிழைச்சுக்குவோம்" என்றாள்.

கொடி சொன்னது: "நான் பெத்தது ஒண்ணுகூடப் பனிக்காலத்தைத் தாண்டினதில்ல. எல்லாம் என் கண்ணு முன்னாலயே அழுகுது. நான் மட்டும் வருஷா வருஷம் எழுந்து நிக்கிறேன்."

மறுநாள் விடியலில் உறைபனி மலையைப் பார்வையிட வந்தது. முதலில் குருவிச் சத்தம் நின்றது. புல் நுனியில் சொட்டவிருந்த நீர் சொட்டாமல் நின்றது. வாசலுக்கு வந்த மாதி அதைக் கண்டாள். மலையளவு உயரம், நடந்தால் ஓசையில்லை, முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும்.

கொடிதான் பேசியது. "என் காய்களை விட்டுடு."

"நான் யாரையும் தேடிப் பிடிப்பதில்லை. வருகிறேன், போகிறேன். மெல்லிய தோல் தாங்குவதில்லை" என்றது உறைபனி.

"தாங்குற தோலுக்கு நான் எங்க போவேன்?"

உறைபனி குனிந்து கொடியின் அடியைப் பார்த்தது. "உன் வேரில் உயிர் ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துக் காய்களுக்குப் போர்த்து. ஆனால் ஒருமுறை மேலே ஏறிய உயிர் திரும்ப வேருக்கு இறங்காது. அடுத்த வெயிலில் நீ இருக்கமாட்டாய்."

"எத்தனை நாள் தருவே?"

"பதினைந்து."

மாதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வேண்டாம்! சாகாத வரம் வாங்கினவ நீ. எங்களுக்காக அதை விடாதே."

"உங்களுக்காக மட்டுமா? உன் வயித்துல இருக்கிறதுக்கு நீ அளந்து பார்த்தா கொடுக்குறே?" என்றது கொடி.

மாதி கொடியின் தண்டை மெல்லத் தடவினாள்.

அன்றிலிருந்து கொடி புதுச் சுருள் விடவில்லை. ஓரத்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகித் தொங்கின. மாதி தினமும் காலையில் ஒரு காயில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள். முதல் நாள் நகம் இறங்கி நீர் கசிந்தது. ஒரு வாரம் கழித்து வெறும் வடு விழுந்தது. பச்சை மங்கிச் செங்கல் நிறம் ஏறியது. பதினான்காம் நாள் நகம் கல்லில் பட்டதுபோல் வழுக்கியது. நஞ்சன் வேரைத் தொட்டான். காய்ந்த கயிறாக இருந்தது.

பொழுது சாயும்போது கொடி அவளை அழைத்தது. குரல் தேய்ந்திருந்தது. "இப்பவே அறுத்துடு. நாளைக்கு நான் கருகும்போது அந்தக் குளிர் என் வழியா அதுங்களுக்கும் போயிடும். ஒட்ட அறுக்காதே. நாலு விரல் காம்பு விடு. காம்படிதான் காய்க்கு வாசல், அது திறந்தா அழுகல் உள்ளே நுழைஞ்சிடும்."

மாதி அரிவாளை எடுத்து வந்தாள். நஞ்சன் கை நீட்டினான். "கொடு, நான் அறுக்கிறேன்."

"இல்லீங்க. என்கிட்டதான் சொல்லிச்சு."

ஏழு முறை அறுத்தாள். ஏழாவதற்குப் பிறகு கொடி பேசவில்லை.

விடிந்தபோது மலைச்சரிவு முழுக்க வெண்மை. நடுவில் கொடி மட்டும் தீயில் கிடந்ததுபோலக் கருத்துக் கிடந்தது. உறைபனி வாசற்படிவரை வந்தது. உள்ளே வரிசையாக இருந்த காய்களில் ஒன்றை விரலால் தொட்டது. தோல் வெடிக்கவில்லை. எதற்கும் வளையாத உறைபனி அங்கே தலைகுனிந்து நின்றதை மாதியும் நஞ்சனும் பார்த்தார்கள்.

சாமை தீர்ந்தது. காய்கள் தீரவில்லை. பகலில் வெயிலில் வைத்தார்கள், மாலையில் உள்ளே எடுத்தார்கள். நாள் ஆக ஆகச் சதை இனித்தது. மார்கழி பாதியில் பெண் குழந்தை பிறந்தது.

மாசியில் ஊரார் திரும்பினார்கள். எலும்புகளைப் புதைக்க மண்வெட்டியோடு முன்னால் வந்த ஊர்த்தலைவர், கூரையில் புகையைக் கண்டு எல்லைக் கல்லருகே நின்றுவிட்டார். மாதி குழந்தையோடு வெளியே வந்தாள். ஊர்த்தலைவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

கடைசிக் காயைப் பிளந்து விதைகளை எருமேட்டில் ஊன்றினாள் மாதி. முளைத்தது. ஓடிப்போய்ப் பேசினாள். அது புதுக்கொடி, அவளை அதற்குத் தெரியவில்லை.

அன்று முதல்தான் பூசணிக்கொடி ஒரே வருஷத்தில் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. மலைநாட்டுப் பெண்களும் நகம் இறங்காத காயாகப் பார்த்து, பனிக்கு முன்னால், நாலு விரல் காம்போடு அறுத்து, பிள்ளையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள்.