படுத்திருந்த புட்டி

தீர்ப்பு சொல்லும் வேலை கடைசியில் உங்கள் தலையில்தான் விழப்போகிறது. ஆகவே சின்ன விஷயம்தானே என்று எதையும் காதில் வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய மாடி வீடு. அங்கே தனியாக இருந்தவள் மர்செலின், கான்வெண்டில் தையல் டீச்சர். அவளுடைய அப்பா கபிரியேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆப்பிரிக்காவின் ஜிபுத்தித் துறைமுகத்தில் ஒருநாள், கடலில் விழுந்த அமெரிக்க மாலுமி ஒருவனைக் குதித்துக் காப்பாற்றினார். அதற்குப் பட்டாளம் ஒரு பதக்கம் கொடுத்தது. மாலுமியின் கப்பல் தலைவர் ஒரு புட்டி பர்பன் கொடுத்தார். பர்பன் என்றால் சோளத்திலிருந்து இறக்கும் அமெரிக்க விஸ்கி. அதைச் செய்த ஆலையை எப்போதோ மூடிவிட்டதால் அந்தப் புட்டிக்கு இன்று ஏகப்பட்ட கிராக்கி.

கபிரியேல் கடைசிவரை அதைத் திறக்கவில்லை. "மூணு பேரும் ஒரே மேசைல உக்காந்தா தெறங்க. இல்லன்னா அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மூன்று பேர் என்றது மர்செலினையும் அவளுடைய இரண்டு அண்ணன்களையும்.

சொல்லிவிட்டுப் போவது சுலபம். மூத்தவர் எதுவாரும் இளையவன் லெயோனும் முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. காரணம் அந்தப் பதக்கம். மோட்டார் சைக்கிள் ஆசையில் லெயோன் அதை யாருக்கும் தெரியாமல் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டான். தெரிந்ததும் எதுவார் அவனை அடித்து வெளியே அனுப்பினார். பிறகு அவரும் காரைக்காலுக்குக் குடிபோய்விட்டார்.

புட்டி மட்டும் மர்செலினோடு தங்கியது. அப்பா ஒயின் புட்டிகளை அலமாரியில் எப்படிப் படுக்கவைப்பாரோ அப்படியே இதையும் படுக்கவைத்து, சனிக்கிழமை தவறாமல் துடைத்து வந்தாள். அவர் போன நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். சமீபமாகத் துடைக்கிற துணியில் லேசாக ஒரு தித்திப்பு வாசனை. பழைய மரத்தின் வாசனையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போன மழையில் கூரையைத் தாங்கும் உத்தரம் விரிசல் விட்டது. சமையலறையில் வாளி வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். அந்தச் சமயம் பார்த்துப் பழம்பொருள் கடைப் பெரியநாயகம், புட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். இரண்டு வழி சொன்னார். புட்டிக்குப் பதில் கூரையைப் புதிதாகப் போடுமளவு பணம். இல்லாவிட்டால், அவர் இத்தனை நாள் விற்காமல் வைத்திருந்த கபிரியேலின் பதக்கம். எதுவானாலும் பின்னால் தகராறு வராதபடி மூவரும் கூடி உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் உட்கார்ந்தார்கள். ஒரே மேசைதான்.

"மர்சி, அவன்கிட்ட சொல்லு. இடிஞ்சு விழப்போற வீட்டுல நீ படுத்துக் கெடக்க. வித்தாகணும்" என்றார் எதுவார், எதிரே இருந்தவனைப் பாராமல்.

லெயோனும் அவளிடமே பதில் சொன்னான். அந்தப் பதக்கம் இல்லாமல் அப்பாவின் கல்லறைக்குப் போகத் தனக்கு மூஞ்சி இல்லை என்றான். அதை விற்றதிலிருந்து ஒரு கல்லறைத் திருநாளுக்கும் போனதில்லையாம்.

மர்செலினுக்கு இரண்டும் வேண்டாம். அப்பா சொன்னபடிதான் உட்கார்ந்தாயிற்றே, திறந்து குடிக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் உட்கார்ந்ததைச் சேர்ந்து உட்கார்ந்ததாகக் கொள்ளலாமா? அவளுக்குத் தெரியவில்லை. புட்டி கைமாறிய மறு நிமிஷம் இருவரும் ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுவார்கள், அப்புறம் இந்த மேசைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அண்ணன்கள் பார்த்திருக்க, அலமாரியில் படுத்திருந்த புட்டியை எடுத்து மேசையில் நிறுத்தினாள்.

பெரியநாயகம் வந்தார். பணக்கட்டை ஒரு பக்கமும் பதக்கத்தை ஒரு பக்கமும் வைத்துவிட்டுப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெழுகு முத்திரை அப்படியே இருந்தது.

"மட்டம் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். "நிக்க வெச்சிருந்தா வயசுக்கு எறங்குறதுதான், பரவாயில்ல. ஒயின் மாதிரி படுக்க வெச்சிருந்தா இதோட காட்டம் தக்கைய அரிச்சிரும், சரக்கு வீண். எப்படி வெச்சிருந்தீங்க?"

துடைக்கிற துணியில் வந்த வாசனை எதுவென்று மர்செலினுக்கு இப்போது புரிந்தது. பத்திரம் பத்திரம் என்று இத்தனை வருஷமும் தானேதான் பாழாக்கியிருக்கிறாள்.

"நிக்க வெச்சுதான்" என்றார் எதுவார், அவள் வாயைத் திறப்பதற்குள். லெயோன் தலையைக் குனிந்து பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு பொய்யில்தான்.

பெரியநாயகம் நம்பிவிட்டார். பணமா, பதக்கமா என்று கேட்டார். மர்செலின் அவர் கையிலிருந்த புட்டியை வாங்கினாள். தையல் கத்தரியை எடுத்து மெழுகைக் கீறினாள்.

"மர்சி, உன் கூரைடி அது" என்று எதுவார் பதறி எழுந்தார். அவள் நிறுத்தவில்லை. தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூன்று தம்ளரில் ஊற்றி, ஆளுக்கொன்றாக நகர்த்தி வைத்தாள்.

"படுக்க வெச்சுதான் இருந்தேன்" என்றாள் பெரியநாயகத்திடம். அவர் பணத்தையும் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

இனி உங்கள் பாடு. தங்கையின் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று பொய் சொன்னார் எதுவார். அப்பாவின் பதக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டான் லெயோன். மூவருக்கும் பொதுவானதை ஒருவரையும் கேட்காமல் திறந்தாள் மர்செலின். உண்மையைச் சொன்னாலே போதுமே, திறப்பானேன்? இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், மர்செலின் செய்ததுதான் சரி. எதுவாரின் பொய் பாசத்தில் பிறந்தது, ஆனால் அந்தப் பொய்யில் போட்ட கூரையின் கீழ் தினம் படுத்து எழப்போகிறவள் அவள். லெயோனோ ஒரு திருட்டை இன்னொரு திருட்டால் கழுவப் பார்த்தான். அந்த மேசையில் தன் சொந்த நஷ்டத்தைத் தானே வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். உண்மையை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் பெரியநாயகத்தின் பின்னாலேயே அண்ணன்களும் எழுந்து போயிருப்பார்கள். எதிரே தம்ளர் இருந்ததால் உட்கார்ந்தார்கள். லெயோன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணே, நல்லாவே இல்ல" என்றான், நேராக எதுவாரைப் பார்த்து. எதுவாரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "ஆமாண்டா" என்றார்.