நாலு குழியும் ஒரு பெஞ்சும்

நகரத்தில் இருந்த இரண்டு புராட்டஸ்டண்ட் சபைகள், மேலத்தெருவும் கீழத்தெருவும், ஒன்றாகிவிட்டன. இனி ஆராதனை கீழத்தெரு ஆலயத்தில்தான். பாட்டுப் புத்தகத்தைக்கூட ஒன்றாக்கிவிட்டார்கள். ஒரே ஒரு பெஞ்சில்தான் தகராறு.

அது மேலத்தெரு செயலாளர் ஜெயசிங்கின் பாட்டையா உட்கார்ந்த பெஞ்சு. அதன் இரும்புக்கால்களைத் தரையில் பதித்தால்தான் நிற்கும். "எங்க சபைதான் மூத்தது. இது முன்வரிசையிலதான் நிக்கும்" என்றார் ஜெயசிங். "எங்க தரையில ஒரு ஓட்டை விழக்கூடாது" என்றார்கள் கீழத்தெருக்காரர்கள்.

கோயில்பிள்ளை வேலை பார்க்கும் சற்குணத்தை ஜெயசிங் கூப்பிட்டார். கீழத்தெரு ஆலயத்தைக் கூட்டுவதும் மணியடிப்பதும் அவன் வேலை.

"ஞாயித்துக்கிழமை பெஞ்சு ஆடாம நிக்கணும். ஓட்டையும் போடக்கூடாது. முடியாதுன்னா சாவியை வச்சிட்டுப் போ!"

"ஆகட்டுங்கய்யா."

ஞாயிறன்று ஜெயசிங் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பெஞ்சு அசையவில்லை. தரையில் புது ஓட்டையும் இல்லை. சபையே எட்டிப் பார்த்தது.

"எப்படிப்பா?"

"பதினெட்டு வருஷமா இங்க கூட்டுறேங்கய்யா. இந்த இடத்துல நாலு குழியில குப்பை அடையும். இது எதுக்குன்னு எனக்கு ஒரே யோசனை. உங்க பெஞ்சு வந்ததும் காலை அளந்து பார்த்தேன். நாலும் நச்சுன்னு உட்காந்துருச்சு."

"அப்படின்னா?"

"உங்க பாட்டையா இங்கருந்துதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. போகும்போது பெஞ்சையும் பேத்துட்டுப் போயிருக்காங்க."

சபை கொல்லென்று சிரித்தது. ஜெயசிங் விருட்டென்று எழுந்தார்.

"உட்காருங்கய்யா. பெஞ்சே வீடு வந்து சேந்துருச்சு, நீங்க எங்க போறீங்க?"